உரைகல் பதில்கள்: கை சுருங்கும் காலத்தில் ஆசைக்கு என்ன விலை?

தருமபுரியில் ஒரு வங்கிக் கிளையில் இருபத்தொன்பது ஆண்டுகள் நகை மதிப்பீட்டாளராக இருந்துவிட்டு, இப்போது இந்தப் பக்கத்தில் உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதி வருகிறேன். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சொல்கின்றன: கை சுருங்கிவிட்டது, ஆசை சுருங்கவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பொருளாதார மந்தம் என்கிறார்கள். அது வந்துவிட்டதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? நகைக் கடைகளில் கூட்டம் குறையவே இல்லையே!
— கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

நாட்டின் மொத்த உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால் மந்தம் என்பது பொதுவான அளவுகோல். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் 23.9 சதவீதம் சுருங்கியதாக அரசின் முதல் கணக்கு வந்தது. அடுத்த காலாண்டும் சுருங்கியது. அது புத்தக முறையில் முழு மந்தம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களில் மந்தம் அப்படி எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. பயிருக்குப் பயிர் வருகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது பாலக்கோட்டில் புது பைக் வாங்கியவர்கள் உண்டு. விலை சரியும் மாதங்களில் அதே தக்காளியைப் பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விடுகிறார்கள். மாங்கூழ் ஆலைகள் கொள்முதலைக் குறைத்தால் சந்தூர்ப் பக்கம் அந்த ஆண்டு மந்தம். டெல்லியில் கணக்கு வெளியாவதற்கு மூன்று மாதம் முன்பே அது என் மேசைக்கு வந்துவிடும்.

எப்படி என்று கேட்டால், எந்த நகை வருகிறது என்பதை வைத்துத்தான். முதலில் பீரோவில் இருப்பது வரும்: ஆரம், நெக்லஸ், காசுமாலை. அடுத்து வளையல். பிறகு காதில் கிடக்கும் தோடு. கடைசியில் தாலிக்கொடியிலிருந்து கழற்றிய குண்டுமணிகள், ஒரு தாளில் மடித்து. பீரோவில் இருப்பது வந்தால் அந்த வீட்டில் சிரமம். உடம்பில் இருப்பது வரத் தொடங்கினால் ஊரில் மந்தம். நகைக் கடைக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, உள்ளே போய்ப் பார். பழைய நகையைக் கொடுத்து எடை குறைந்த புது நகை வாங்குகிறவர்கள் அதில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்.

நாடே ஒரு முறை அடகு மேசைக்கு வந்திருக்கிறது. 1991-இல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோன நிலையில், ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் சுமார் 47 டன்னை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்து ஏறத்தாழ 40 கோடி டாலர் கடன் வாங்கினோம். அப்போது நான் அப்பாவின் பட்டறையில் ஊதுகுழல் பிடித்துக்கொண்டிருந்தேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அப்பா அன்று வெகுநேரம் வேலை செய்யவில்லை.

கேள்வி: தக்காளி விலை சரிந்து வீட்டில் பணமுடை. இந்த நேரத்தில் 180 ரூபாய் கொடுத்து உதட்டுச்சாயம் வாங்கிவிட்டேன். மாமியார் மூன்று நாளாகப் பேசவில்லை. நான் செய்தது அவ்வளவு பெரிய தவறா?
— ஒரு வாசகி, பாலக்கோடு

இல்லை, அம்மா.

நீங்கள் செய்ததற்குப் பொருளாதாரத்தில் பெயரே இருக்கிறது. எஸ்டீ லாடர் என்ற அழகுப் பொருள் நிறுவனத்தின் தலைவராக இருந்த லியோனார்ட் லாடர், 2001-ஆம் ஆண்டு அமெரிக்கா சரிவில் இருந்தபோது தங்கள் உதட்டுச்சாய விற்பனை கூடியிருப்பதைக் கவனித்துச் சொன்னார். பெரிய ஆசைக்குக் காசில்லாதபோது பெண்கள் சின்ன ஆசை ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. அது 'உதட்டுச்சாயக் குறியீடு' என்றே பெயர் பெற்றது. எல்லா மந்தத்திலும் அது பலித்துவிடவில்லை. 2020-இல் வாய் முழுவதும் முகக்கவசம் இருந்ததால் உதட்டுச்சாய விற்பனையே படுத்துவிட்டது. ஆனாலும் அந்த மனநிலை உண்மை. அமெரிக்காவைப் பார்க்காமலே எனக்கு அது தெரியும்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் வருவார். பேரனின் பள்ளிக் கட்டணத்துக்காகக் காதில் கிடக்கும் தோட்டைக் கழற்றி வைப்பார். தை மாதம் ராகியும் துவரையும் விற்ற காசில் மீட்டுக்கொண்டு போவார். கழற்றிய கையோடு மடியிலிருந்து இரண்டு ஈர்க்குச்சித் துண்டுகளை எடுத்து, காதுத் துளை தூர்ந்துவிடாமல் செருகிக்கொள்வார். ஒரு ஆண்டு பணத்தை எண்ணி வாங்கியவர், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த வளையல் கடையில் நின்று ஒரு டஜன் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டிருந்ததை நான் தேநீர் குடிக்கப் போனபோது பார்த்தேன். எனக்கு மனம் கேட்கவில்லை. "கடன் வாங்கிய காசில் வளையலா பாட்டி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "காது மூளியாகிவிட்டது, சாமி. கையும் மூளியாக வீட்டுக்குப் போனால் பேரன் என்னவென்று கேட்பான்" என்றார். பச்சை வளையல். இருபது ரூபாய். அந்தப் பையன் தன் படிப்புக்காகப் பாட்டியின் தோடு போயிற்று என்று அறியாமல் இருக்க அந்த இருபது ரூபாய் செலவானது. அன்றைக்குப் பிறகு அடகுப் பணத்தில் யார் என்ன வாங்கினார்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

ஆகவே 180 ரூபாய்க்கு நீங்கள் வருந்த வேண்டாம். மாமியாரின் பயமும் பொய்யில்லை. சந்தையில் பெட்டி விலை கேட்டுவிட்டு வந்த நாளில் அவர் கண்ணில் அந்தக் குப்பி பட்டிருக்கும். இந்த மாதக் கணக்கை அவர் முன்னால் உட்கார்ந்து எழுதுங்கள். உரக்கடைக் கடன், மளிகை, பிள்ளைகளின் பஸ் செலவு எல்லாம் எழுதிய பிறகு, உங்கள் 180 ரூபாயையும் மறைக்காமல் எழுதுங்கள். பக்கத்திலேயே அவருக்கும் ஒரு தொகை எழுதுங்கள். வெற்றிலையோ, பூவோ, அவர் எதற்காவது ஆசைப்பட்டுச் சொல்லாமல் இருப்பார்.

கேள்வி: கணவருக்குப் பெங்களூரில் வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. இப்போது கிடைத்திருக்கும் வேலையில் சம்பளம் பாதிதான். மாதம் 95,000 செலவு செய்து பழகிய குடும்பம். எதைக் குறைப்பதென்றே தெரியவில்லை. அடுக்குமாடியில் எல்லோரும் பார்க்கிறார்கள். ஊரில் இரு வீட்டாருக்கும் வேலை போனதே தெரியாது.
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஓசூர்

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கடைசி வரிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜேம்ஸ் டூசன்பெரி என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1949-இல் ஒன்றைச் சொன்னார். வருமானம் ஏறும்போது செலவும் கூடவே ஏறும், வருமானம் இறங்கும்போது செலவு அவ்வளவு எளிதில் இறங்காது. காரணம் இரண்டு: பழகிய வாழ்க்கை, பக்கத்து வீடு. பற்சக்கரத்தில் கொக்கி விழுந்ததுபோல் மேலே போன செலவு அங்கேயே நின்றுவிடும். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். யாருடைய ஊதாரித்தனமும் இதில் இல்லை, உங்களையும் கணவரையும் நொந்துகொள்ளாதீர்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஒருவருக்கான மாதச் சராசரிச் செலவு 6,996 ரூபாய், கிராமங்களில் 4,122 ரூபாய். நகரக் கணக்கில் நான்கு பேருக்கு 28,000. அந்த அளவுக்கு உடனே இறங்குங்கள் என்று சொல்லவில்லை. ஓசூர் வாடகையும் பள்ளிக் கட்டணமும் எனக்குத் தெரியும். 95,000-க்கும் 28,000-க்கும் நடுவே மனிதர்கள் நன்றாக வாழ்கிற படிகள் பல இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

சின்னச் செலவுகளில் கை வைக்காதீர்கள். இதுதான் எல்லோரும் முதலில் செய்யும் பிழை. பாலை அரை லிட்டர் குறைப்பார்கள், பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீமை நிறுத்துவார்கள், வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிடும். மாதம் ஆயிரம் ரூபாய்கூட மிச்சமாகாது. நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் கார் தவணை மட்டும் 23,400. காப்பீடும் பெட்ரோலும் தனி. கணவரின் புது வேலை சிப்காட்டில், வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். அந்தக் காரை விற்று, கடனை அடைத்து, மிச்சம் ஏதும் வந்தால் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்குங்கள். ஒரே கையெழுத்தில் உங்கள் செலவில் கால் பங்கு போய்விடும். ஐஸ்கிரீம் அப்படியே இருக்கட்டும்.

அடுக்குமாடியில் பார்ப்பார்கள்தான். ஒரு வாரம் பார்ப்பார்கள். உங்கள் அடுக்குமாடியிலேயே இதே நிலையில் இன்னொரு வீடு வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடும். நீங்கள் காரை விற்ற பிறகு அந்த வீட்டுப் பெண் உங்களிடம் வந்து பேசினாலும் பேசுவார்.

இனி அந்தக் கடைசி வரி. பெற்றோருக்குத் தெரியாமல் இருப்பதற்காக ஊருக்குப் போகும்போதெல்லாம் பழைய தோரணையில் பணம் கொடுக்கிறீர்கள், கோயில் திருவிழாவுக்கு வரி கட்டுகிறீர்கள், தங்கை மகள் காதுகுத்துக்கு அரைச் சவரன் போட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் மிக விலை உயர்ந்த ஆடம்பரம் இந்த மறைப்புதான். இதற்குத் தவணை முடிவே கிடையாது. கணவரை அவருடைய அப்பாவிடம் சொல்லச் சொல்லுங்கள். மண்ணை நம்பிப் பிழைத்தவர்களுக்கு வருமானம் போவதும் வருவதும் புதிதில்லை. மகன் சொல்லாமல் மறைத்தான் என்பதுதான் பின்னால் அவர்களைக் கொல்லும்.

கேள்வி: ஜி.எஸ்.டி. குறைந்ததால் 350 சி.சி. பைக் வாங்கலாம் என்று இருக்கிறேன். 'வட்டியில்லாத் தவணை'யில் ஹெல்மெட்டும் ஃபோனும் சேர்த்தே தருகிறார்கள். ஓவர்டைம் இப்போது இல்லை, ஆனால் திரும்ப வரும் என்கிறார்கள்.
— ஒப்பந்தத் தொழிலாளி, ஓசூர்

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது உண்மை. வரியோடு சேர்த்து 128 ரூபாய்க்கு விற்ற பொருள் 118-க்கு வரும். அதாவது விலையில் குறைந்தது நூற்றுக்கு எட்டுக்கும் கீழே. ஓவர்டைம் நின்றதால் உன் கைக்கு வரும் தொகையில் எத்தனை குறைந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய்: மூன்றில் ஒரு பங்கு. பைக் உனக்கு விலை ஏறியிருக்கிறது, தம்பி.

வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. சுழிய வட்டி என்ற பெயரில் வட்டியை மறைத்துக் கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி உனக்குக் கிடைக்காமல் வட்டியாகப் போகும், அல்லது செயலாக்கக் கட்டணம் என்று வரும். "ரொக்கம் கொடுத்தால் என்ன விலை?" என்று கடையில் கேட்டுப் பார், வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஓவர்டைம் திரும்ப வரட்டும். வந்து ஆறு மாதம் அந்தப் பணத்தைத் தொடாமல் சேர்த்து, அதை முன்பணமாகக் கட்டி வாங்கு. எனக்கும் பைக் பிடிக்கும். தொப்பூர்க் கணவாயில் நல்ல பைக்கில் ஒரு முறை போக வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். வராத சம்பளத்தில் ஏறிப் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கேள்வி: ஒன்பது காரட் நகை வந்திருக்கிறதாமே, வாங்கலாமா?
— இல்லத்தரசி, காரிமங்கலம்

அணிவதற்கு வாங்கலாம். 2025 ஜூலையில் அதற்கும் ஹால்மார்க் வந்துவிட்டது. முத்திரையில் 375 என்று இருக்கும், ஆயிரத்தில் 375 பங்கு தங்கம் என்று பொருள். 22 காரட்டுக்கு 916. அவசரத்துக்கு ஈடு வைக்கலாம் என்று எண்ணி மட்டும் வாங்காதீர்கள். 1990-களில் ஓசூரிலிருந்து தனிஷ்க் தன் நகைகளை முதலில் 18 காரட்டில் கொண்டுவந்தபோது நம் மக்கள் ஏற்கவில்லை. 22-க்கு மாறிய பிறகுதான் கடை நிலைத்தது. இப்போது பத்து கிராம் சுத்தத் தங்கம் ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு 18-ம் 9-ம் தாமாகவே வாசலுக்கு வருகின்றன.

கேள்வி: மகளுக்குத் தை மாதம் திருமணம். மாம்பழத்தில் இந்த ஆண்டு நஷ்டம். ஆனாலும் பேசியபடி முப்பது சவரன் போட வேண்டும், காவேரிப்பட்டணத்தில் பெரிய மண்டபம். ஆறு லட்சம் கடன் வாங்கினால் மொய்யில் பாதியை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரிதானா?
— மா விவசாயி, கிருஷ்ணகிரி மாவட்டம்

ஐயா, உங்கள் கணக்கில் மொய்யை வரவில் எழுதியிருக்கிறீர்கள். அது வரவு இல்லை, கடன். எழுதுகிறவர் ஒவ்வொருவருக்கும் நீங்கள் திருப்பிச் செய்தாக வேண்டும். மேலும், உங்களுக்கு மா நஷ்டம் என்றால் மொய் எழுத வரும் உறவினர்களுக்கும் அதே மாதான் நஷ்டம். ஆயிரம் எழுத வேண்டியவர் ஐந்நூறு எழுதுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

நகைக்கு வருகிறேன். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், அதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

2020 அக்டோபர். மணமாகி எட்டு மாதம் ஆன ஒரு பெண் கணவனோடு வந்தார். கணவனுக்குத் திருப்பூரில் வேலை நின்றுபோயிருந்தது. மஞ்சள் துணிப் பையிலிருந்து ஒரு ஆரத்தை எடுத்து மேசையில் வைத்தார். சிவப்புக் கற்கள் பதித்து, நடுவில் மயில் வைத்த கனமான ஆரம். தராசில் 64 கிராம் காட்டியது. "எட்டுச் சவரன்" என்றார் அந்தப் பெண், நிம்மதியாக.

நான் லென்ஸை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மயிலின் வயிற்றுக்குள் அரக்கு நிரப்பியிருந்தது. கற்களுக்கும் அரக்குக்கும் சேர்த்து ஏழு கிராம் கழித்தேன். உரைகல்லில் ஓரத்தை இரண்டு முறை இழுத்து அமிலம் வைத்தேன். கோடு கரையவில்லை, நல்ல தங்கம். ஆனால் 57 கிராம். எட்டு என்று நினைத்தது ஏழேகால் கூட வரவில்லை. பில்லைக் காட்டச் சொன்னேன். அதில் சேதாரம் இருபது சதவீதம் என்று இருந்தது. பதினொரு கிராமுக்கு மேல், ஒன்றேகால் சவரனுக்கும் கூடுதலான தங்கத்தின் விலையை அவருடைய அப்பா கடைக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பதினொரு கிராம் ஆரத்தில் இல்லை. என் தராசிலும் ஏறாது.

"அந்தப் பதினொரு கிராம் எங்கே போனது, ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டார். வேலைப்பாட்டுக்கான கூலி என்றேன். நான் பொற்கொல்லன் மகன், வேலைப்பாட்டை இகழ மாட்டேன். ஒரு மயிலைச் செதுக்க எத்தனை இரவு ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் கேட்டது அதை அல்ல. அவருடைய அப்பா அந்த ஆரத்துக்காக வாங்கிய கடனுக்கு அப்போதும் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். இல்லாத பதினொரு கிராமுக்கும் சேர்த்து.

மதிப்பீட்டாளருக்குக் கூலி, கடன் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஊரில் கஷ்டம் கூடினால் எனக்கு வரும்படி கூடும். 2020-இல் எனக்கு நல்ல வருமானம். அந்தக் காசு கையில் கனத்தது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சம்பந்தியிடம் நேரில் போய்ப் பேசுங்கள். மா விலை அவருக்கும் தெரியும். முப்பது என்று பேசியதைப் பதினைந்தாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் மானக்கேடு இல்லை. அந்தப் பதினைந்தையும் கல் ஆரமாக வாங்காமல் வளையலாக, கல் இல்லாத சங்கிலியாக, சேதாரம் குறைவானதாக வாங்குங்கள். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை, சேதாரச் சதவீதம் நான்கையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் இல்லாமல் விற்கக் கூடாது என்பது விதி, அதையும் பாருங்கள். மண்டபத்தை விட்டுவிட்டு ஊர்க் கோயிலில் தாலி கட்டி, மாந்தோப்பிலேயே பந்தல் போட்டு விருந்து வையுங்கள். உங்கள் தோப்பைவிட அழகான மண்டபம் காவேரிப்பட்டணத்தில் இல்லை.

சம்பந்தி மறுத்துவிட்டால்? கடன்பட்டாவது செய் என்று ஒருவர் சொன்னால், அந்த வீட்டுக்கு மகளை அனுப்புவதைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள். இதை எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கேள்வி: மந்தம் வந்தால் எல்லாக் கடையும் தள்ளுபடி போடுகிறது. வெளிநாட்டு ஆடம்பரப் பைகளும் கடிகாரங்களும் மட்டும் ஏன் விலையைக் குறைப்பதில்லை?
— துணிக்கடை ஊழியர், பர்கூர்

விலைதான் அங்கே சரக்கு. விலை அதிகம் என்பதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு என்பதைத் தார்ஸ்டைன் வெப்லன் 1899-லேயே எழுதிவிட்டார். குறைத்தால் அந்த வாடிக்கையாளர் போய்விடுவார். பர்பரி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் விற்காத சரக்கை மலிவாக விடாமல் ஒரே ஆண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புக்கு அழித்ததாக 2018-இல் அதன் அறிக்கையிலேயே வெளியானது. எதிர்ப்பு கிளம்பியதும் இனி எரிக்க மாட்டோம் என்றார்கள். நெய்தவனும் தைத்தவனும் அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பெரிய பணக்காரர்களின் கை சுருங்கினாலும் விரைவில் விரிந்துவிடும். லூயி வுய்ட்டான் பைகளை விற்கும் எல்.வி.எம்.எச். குழுமத்தின் விற்பனை 2019-இல் 5,370 கோடி யூரோ. கொரோனா ஆண்டில் 4,470 கோடிக்கு விழுந்தது. 2021-இல் 6,420 கோடிக்குப் போய்விட்டது. அந்த 2021-இல் உங்கள் பர்கூரில் எத்தனை கடைகள் ஷட்டரை முழுதாகத் தூக்கின என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: எங்கள் ரோஜா ஆடம்பரப் பொருள்தானே? எல்லோரும் சிக்கனமாக இருங்கள் என்று நீங்கள் எழுதிக்கொண்டே இருந்தால் நாங்கள் எப்படிப் பிழைப்பது?
— மலர் விவசாயி, பாகலூர்

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மற்றப் பதில்கள் நிற்காது.

ஒரு வீடு சிக்கனமாக இருந்தால் அந்த வீட்டுக்கு நல்லது. எல்லா வீடும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால் எல்லோருடைய வருமானமும் சேர்ந்து விழும். கெயின்ஸ் 1936-இல் சொன்ன சிக்கன முரண் இதுதான். நம் மாவட்டத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். ஓசூரில் கைக்கடிகாரம் செய்கிறார்கள், நகை செய்கிறார்கள், பைக் செய்கிறார்கள். பாகலூரிலும் பேரிகையிலும் தளியிலும் பசுமைக்குடிலில் ரோஜா பூத்துப் பிப்ரவரியில் கடல் தாண்டுகிறது. இவற்றில் எது இல்லாவிட்டால் மனிதன் செத்துவிடுவான்? எதுவும் இல்லை. ஆனால் இவை விற்காவிட்டால் இங்கே அடுப்பு எரியாது. 2020 ஊரடங்கில் திருமணமும் கோயிலும் நின்றபோது, வெட்டிய ரோஜாவை நீங்கள் குழியில் கொட்டியதை மறக்க முடியுமா?

ஆகவே கையில் வைத்திருக்கிறவர்கள் செலவு செய்ய வேண்டும். நன்றாகச் செய்ய வேண்டும். நிரந்தரச் சம்பளமும் ஓய்வூதியமும் வருகிறவர்கள் மந்த காலத்தில் பூ வாங்குவதும், தையற்காரரிடம் துணி கொடுப்பதும், உள்ளூர் ஆசாரியிடம் ஒரு மோதிரம் செய்யச் சொல்வதும் ஊருக்குச் செய்யும் உதவி. நான் தடுப்பதெல்லாம் இல்லாதவர்கள் கடன் வாங்கி இருப்பதுபோல் காட்டுவதை. உங்கள் ரோஜாவை யாரும் தவணையில் வாங்குவதில்லை. கொடுத்த காசுக்கு இரண்டு நாள் மணந்துவிட்டு உதிர்ந்துவிடுகிறது, பின்னால் யாரும் வட்டி கேட்டு வாசலுக்கு வருவதில்லை. எனக்குத் தெரிந்து அதைவிட யோக்கியமான ஆடம்பரம் கிடையாது. இதைப் படிக்கிற ஓய்வூதியக்காரர்கள் இன்றே ஒரு கட்டு வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு நகைக்கடன். கல் ஆரம் ஒன்று, நாலு கிராம் தோடு ஒன்று. இரண்டுக்கும் ஏல அறிவிப்பு வந்துவிட்டது. கையில் இருப்பது 22,000. ஆரம் என் திருமணத்துக்குப் போட்டது, அது போய்விட்டால் விசேஷங்களுக்கு எப்படிப் போவது? எதை மீட்பது?
— ஒரு வாசகி, ஊத்தங்கரை

தோட்டை மீட்டுவிடுங்கள். அசலும் வட்டியும் சேர்த்து 16,500 என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 5,500-ஐ ஆரக் கடனின் வட்டியில் கட்டி, புதுப்பிக்கவோ அவகாசம் தரவோ முடியுமா என்று கிளை மேலாளரிடம் நேரில் கேளுங்கள். ஏலத் தேதிக்கு முன்னால் போகிறவர்களைப் பொதுவாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அவகாசம் கிடைத்தாலும் அடுத்த மூன்று மாதத்தில் பணம் வர வழியில்லை என்றால், ஆரத்தை ஏலத்துக்கு விடாமல் நீங்களே விற்றுக் கடனை முடித்துவிடுங்கள். ஏலச் செலவு மிச்சமாகும், விலையும் உங்கள் கண்முன்னால் பேசப்படும். ஏலத்துக்கே போய்விட்டாலும், கடன் போக மிச்சம் உங்கள் பணம். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு மூன்று நாள் போடுகிற ஆரத்துக்காகப் பன்னிரண்டு மாத வட்டி கட்டியிருக்கிறீர்கள், போதும். விசேஷத்துக்குத் தோடும் ஒரு முழம் கனகாம்பரமும் வைத்துக்கொண்டு போங்கள்.

திங்கட்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். அடகு ரசீதும் ஆதாரும் மறக்க வேண்டாம். மேலாளர் பத்து மணிக்குக் கூட்டத்தில் இருந்தால் காத்திருங்கள், நாளை வாருங்கள் என்றாலும் எழுந்து வராதீர்கள். புறப்படும்போது காதில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பல மாதம் தோடு இல்லாத துளை இறுகியிருக்கும், அங்கேயே போட்டுக்கொள்ள எளிதாக இருக்கும்.